சூடு பார்க்கும் கை

அந்த அத்தை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவரில் எங்கே சுவிட்சுப் பெட்டி இருக்கிறது, எதில் சார்ஜர் சொருகியிருக்கிறது, அதன் வயர் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பார். முடிகிற இடத்தில் ஒரு செல்போன் கிடந்தால் அதன் முதுகில் கையை வைப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. அதற்கப்புறம்தான் "என்னத்தா, நல்லாருக்கீகளா" என்று கேட்பார்.

அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மாடியில் நானும் என் கணவரும் கைக்குழந்தையும். வீட்டுக்குப் பின்னால் அவருடைய கணவர் காலத்தில் போட்ட விசைத்தறிக் கூடம் இருந்தது. கணவர் இறந்தபின் அதை வேறொருவர் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார். விடிந்தது முதல் தறிச் சத்தம்தான். நான் திருச்சுழிப் பக்கம் கரிசல்காட்டு ஊரில் பிறந்தவள். காற்று வீசுகிற சத்தமும் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தமுமே கேட்டு வளர்ந்தவள். வந்த புதிதில், இந்தத் தறிச் சத்தத்தில் பிள்ளை அழுவது காதில் விழாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியபின் கரண்டு போனால்தான் திடுக்கென்று இருக்கும். அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்று, காது அடைத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். கரண்டு வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அத்தையும் மாடிப்படி ஏறி வருவார்.

"ஏத்தா, செல்லு சார்ஜுல கிடக்கா?"

"இல்லத்த."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

போன கரண்டு திரும்பி வரும்போது வேகமாக வரும், சொருகியிருக்கிற சாமான் அதைத் தாங்காது என்று அவர் உறுதியாக நம்பினார். நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை படியில் நிற்பார்.

தன்னுடைய செல்லை அவர் வைத்திருந்த விதம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து, முதலில் அதை முழுசாக அணைப்பார். மேலே போட்டிருக்கும் உறையைக் கழற்றி உதறுவார். கணவருடைய பழைய வேட்டியிலிருந்து கிழித்த மெத்தென்ற துணியால் கண்ணாடியையும் முதுகையும் துடைப்பார். தண்ணீர் தொட மாட்டார். தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி காற்றில் மிதந்து வந்து எங்கள் சோற்றுப் பானையில்கூட உட்காரும். அது சார்ஜர் சொருகுகிற ஓட்டைக்குள் போய் அடைந்துகொள்ளும். அதை ஒரு மெல்லிய விளக்குமாற்று ஈர்க்கால் நுனி நுனியாக எடுப்பார். தெருவில் பெண்கள் அதற்குச் சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைப் பயன்படுத்தினால் அவருக்கு முகம் வெளுத்துவிடும். சார்ஜர் வயரின் கழுத்து மடங்கியிருக்கிறதா, தோல் கிழிந்து உள்ளே கம்பி தெரிகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வருவார். காதில் மாட்டிக்கொள்கிற வயரைக்கூடத் துடைத்துத்தான் சுற்றி வைப்பார். அவரைத் தாண்டிப் போகிறவர்கள், செல்லுக்குத் தலைசீவிப் பூ வைக்கவில்லையா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

"செல்லுக்கு வாயா இருக்கு, எரியுதுன்னு சொல்ல?" என்பார். இதை அவர் சொல்லாத நாள் இல்லை.

தெருவில் அவரைச் சுத்தக்காரி என்றுதான் நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கல்யாணத்துக்கு அவரோடு போனபிறகுதான் அது வேறு ஏதோ என்று எனக்குப் பட்டது. மண்டபத்தில் மணமகள் அறைக்கு வெளியே ஒரு மூலையில் ஒரே பலகையில் ஏழெட்டு செல்கள் சார்ஜில் கிடந்தன. அவற்றின்மேல் யாரோ ஒரு பட்டுச்சேலை மடிப்பைப் போட்டிருந்தார்கள். அத்தை சேலையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். வீடியோக்காரர் ஓடிவந்து சத்தம் போட்டார். பெண் வீட்டார் வந்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஒரு பெரியவர் கேட்டார். அத்தையின் கை நடுங்கிக்கொண்டே அடுத்த வயரைத் தேடியது. நான் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அவர் என்னிடம் கேட்டதெல்லாம், கடைசியில் இருந்த அந்தக் கறுப்பு செல்லையும் அவர் கழற்றிவிட்டாரா இல்லையா என்பதுதான்.

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பார்த்தால் லேசாகப் பயம் வந்தது.

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடமும் இருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ போய்விட்டுத் திரும்பினால் வீட்டில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். கட்டிலில் விட்டுப்போன சார்ஜர் சுருட்டி ஆணியில் தொங்கும். தலையணைமேல் மறந்து வைத்துப்போன செல், அடுப்பங்கரைக் கடப்பாக்கல்லின்மேல் குப்புறக் கிடக்கும். கண்ணாடியில் ஒரு விரல் தடம்கூட இல்லாமல் துடைத்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது செல்லைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். என் செல்லில் அவர் எதைப் பார்த்தார், யாருடைய படத்தைப் பார்த்தார், நான் என் அம்மாவுக்கு அவரைப் பற்றிப் பேசி அனுப்பியதைக் கேட்டிருப்பாரோ என்றெல்லாம் ஓடியது. அம்மாவிடம் சொன்னேன். பிள்ளை இருக்கிற வீட்டில் அடுத்தவள் நாம் இல்லாத நேரத்தில் நுழைவது நல்லதில்லை, சீக்கிரம் வேறு வீடு பார் என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு குளிக்கப் போகும்போதுகூடக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். மாடிப்படியில் அவர் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டதும் அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு ஒரே மகன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. போன புதிதில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் அறைக்கு வந்து படுக்கும் முன் அம்மாவுக்கு வீடியோவில் பேசுவான். ஒருநாள் பேசிக்கொண்டே தூங்கிப்போனான். செல் அவன் நெஞ்சில் சரிந்து கிடந்தது. அத்தைக்கு இந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் அவன் காதில் பாதியும் மேலே சுற்றுகிற காற்றாடியும்தான். சார்ஜர் வயர் அவன் கழுத்துக்குக் குறுக்கே கிடந்தது. முதலில் சிரிப்பாக இருந்ததாம். அப்படியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு வயர் கண்ணில் பட்டதும், கழற்றிவிட்டுப் படுடா என்று கூப்பிட்டிருக்கிறார். அவன் எழவில்லை. கத்திக் கூப்பிட்டிருக்கிறார். திடீரென்று படம் கறுத்துவிட்டது.

"அதுக்கப்பறம் அடிச்சா சுவிட்ச் ஆப்னு வருது. கூட இருக்க பயலுக நம்பரு எதுவும் எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது, பாசையும் தெரியாது. அந்தக் கறுப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்த்தா."

சாயங்காலம் அவன் எழுந்து, செல் சூடாகித் தானாக அணைந்துவிட்டது என்று சொன்னான். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அத்தைக்கு அந்தப் பகல் முடியவே இல்லை. அன்று முதல் அவன் கூப்பிட்டால் இவர் கேட்கிற முதல் கேள்வி சார்ஜரைப் பற்றித்தான். சாப்பிட்டாயா என்பதுகூட அப்புறம்தான். கொஞ்ச நாள் அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். பிறகு எரிந்து விழுந்தான். பிறகு எடுப்பதைக் குறைத்துக்கொண்டான்.

"எடுக்கலேன்னா எனக்கு இன்னும் பயமாகுது. அது அவனுக்குப் புரியல" என்றார்.

அதைக் கேட்டபிறகு எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் அவரிடமிருந்த சாவியைத் திருப்பி வாங்கிவிடத்தான் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் என் கணவர் ஒதுக்கிப் போட்டுவிட்ட பழைய செல் ஒன்று இருந்தது. அதில் தாலாட்டுப் பாட்டை ஓடவிட்டால்தான் என் மகள் தூங்குவாள். பாட்டரி போய்விட்டதால் சார்ஜில் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சேலைத் தொட்டிலுக்குள் கால்மாட்டில் அதை வைத்து, வயரை ஜன்னலோரத்துச் சுவிட்சிலிருந்து இழுத்து விட்டிருந்தேன். கொஞ்ச நாளாக அதன் கண்ணாடி ஓரத்தில் லேசாக மேலே எழும்பியிருந்தது. இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. என் கணவர் அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

அத்தை அதைப் பார்த்துவிட்டார். கையில் வாங்கித் தரையில் வைத்தார். மட்டமாக உட்காராமல் அது ஒரு பக்கம் ஆடியது.

"முதுகு வீங்கிருக்குய்யா. இதைப் பிள்ளைகிட்ட வைக்காதீக. தூக்கி எறிஞ்சிருங்க" என்று என் கணவரிடம் சொன்னார்.

என் கணவர் அன்றைக்குப் பருத்தி லோடு விஷயமாகப் பாலவனத்தம் பக்கமெல்லாம் அலைந்துவிட்டு வந்திருந்தார். அடுத்த வாரம் வேறு வாங்கிவிடலாம் என்றார். அத்தை விடவில்லை. இப்போதே கொடுங்கள், நான் கொண்டுபோய் மண்ணில் வைக்கிறேன் என்று கையை நீட்டினார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் இல்லாதபோது வீட்டுக்குள் வருவதையும் அப்போதே கேட்டுவிட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்ட விதம் எனக்கே சங்கடமாக இருந்தது. இனிமேல் எங்களைக் கேட்காமல் மாடிக்கு வரவேண்டாம் என்றார். அத்தை இறங்கிப் போனார். மறுநாள் என் கணவர் கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கி மாட்டினார்.

அதற்குப் பிறகும் கரண்டு வரும்போதெல்லாம் அத்தை படியேறி வந்தார். ஆனால் பாதிப்படியோடு நின்றுவிடுவார். எதுவும் கேட்க மாட்டார். நான் எட்டிப் பார்த்தால் என் முகத்தையே பார்ப்பார். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்பது தெரியும். எப்போது இறங்குகிறார் என்பது தறிச் சத்தத்தில் தெரியாது. நான் கதவோடு ஒட்டி நின்று, அவர் இன்னும் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று உற்றுக் கேட்டபடி இருப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, துவைத்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மொட்டை மாடிக்குப் போகிற படி எங்கள் வாசலுக்கு வெளியேதான். கதவை வெறுமனே சாத்தியிருந்தேன். கரண்டு போயிருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. கொடியில் பாதித் துணியை எடுத்திருப்பேன், கரண்டு வந்துவிட்டது. தறிகள் ஒன்றாகக் கிளம்பின. எனக்கு உடனே அத்தையின் ஞாபகம் வந்தது. கதவைப் பூட்டவில்லையே என்பது அடுத்து வந்தது. மிச்சத் துணியை அப்படியே விட்டுவிட்டு வேகமாக இறங்கினேன்.

கதவு திறந்து கிடந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

அத்தை என் மகளைத் தோளில் சாய்த்து, தலையைத் தன் கையால் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளையைக் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு படிக்குப் போகப் பார்த்தார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு மறுகையால் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அந்த வயதில் அவருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. எங்கள் இருவருக்கும் நடுவில் பிள்ளை வீறிட்டது. இவர் என் பிள்ளையைக் கொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அந்த எண்ணம் வந்த இடத்தை இன்றைக்கும் என் நெஞ்சில் தொட்டுக் காட்ட முடியும்.

அப்போதுதான் அந்த வாசனை எனக்கும் எட்டியது. நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்தாற்போல ஒரு தித்திப்பு வாசனை. அடுத்து உள்ளே ஏதோ சீறியது. திரும்பிப் பார்த்தேன். தொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் கிடந்த அந்தச் செல்லிலிருந்து வெள்ளைப் புகை ஒரே பாய்ச்சலாக மேலே போனது. பிறகு தீ. அது அடுப்புத் தீ மாதிரி எரியவில்லை; ஊதிவிடுவதுபோலப் பக்கவாட்டில் பாய்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த தொட்டில் சேலையின் நுனியைப் பற்றி நேராக மேலே ஏறியது. என் மகள் தலை வைத்துத் தூங்குகிற இடம் வரைக்கும், அதற்கு மேலும்.

நான் தீயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தைதான் என்னைப் படியில் இறக்கினார். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் கீழே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். வீட்டுக்கும் கூடத்துக்கும் ஒரே இணைப்பு என்பதால் தறிகள் நின்றன. கூடத்து ஆட்கள் என்னவோ என்று ஓடிவந்தார்கள். மணலை வாளிகளில் அள்ளிக்கொண்டு மேலே போனார்கள். தொட்டிலும் ஜன்னல் திரையும் ஒரு பாயும் எரிந்ததோடு போயிற்று. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் அவளை உடம்பு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

கூடத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் அத்தையின் வலது கையைக் கவனித்தோம். உள்ளங்கையும் இரண்டு விரல்களும் வெந்திருந்தன. பிள்ளையின் காலடியில் கிடந்த செல்லை அந்தக் கையால்தான் எடுத்து வீசியிருக்கிறார். அதே கையால்தான் என்னை இழுத்திருக்கிறார்.

என் கணவர் சாயங்காலம் வந்து அத்தையின் முன்னால் நின்றார். பூட்டின் இன்னொரு சாவியை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தான். நான் கஞ்சி வைத்துக் கொண்டுபோனபோது, இத்தனை நாள் அம்மா பேசினால் எரிச்சல்தான் வந்தது அக்கா என்று மட்டும் சொன்னான்.

இனிமேல் அத்தைக்கும் எங்களுக்கும் ஒட்டுதல் கூடும், என் பிள்ளை அவர் மடியில்தான் வளரும் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. அவர் பிள்ளையைத் தொடவே மறுத்தார். கொண்டுபோய்க் கொடுத்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தால் கீழே அவர் அலறுகிற சத்தம் கேட்கும். சோறு இறங்கவில்லை, முகம் ஒட்டிப்போனது. கை ஆறிக்கொண்டு வந்தபோது ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் அழுதுவிட்டேன். நாங்கள் செய்த தப்பை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறீர்களா என்று என் கணவர் கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்பிடியில்லய்யா. அன்னைக்கு நான் வீட்டுல இருந்தேன். மருதைக்குப் போயிருந்தா? கண்ணசந்திருந்தா? என் பயத்தை நம்பிப் பிள்ளையைப் போட்டு வைக்காதீக. அதை என்னால சுமக்க முடியல."

நாங்கள் பாலவனத்தத்தில் ஒரு வீடு பார்த்துப் போனோம். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது அவர் வெளியே வரவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் சேலை நிறம் மட்டும் தெரிந்தது.

அதன்பின் அவர் செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தன் செல்லைத் துடைத்து, வயரைச் சுற்றி, எல்லாவற்றையும் சேர்த்து மகனிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் ஒரு செல்லும் வேண்டாம் என்றார். மகன் கெஞ்சிப் பார்த்தான், சண்டை போட்டான். பார்க்கவேண்டும் என்றால் பஸ் ஏறி வா என்று சொல்லிவிட்டார். அவன் வந்தான். மாதத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினான். நடுவில் விசாரிக்கவேண்டும் என்றால் தறிக்கூடத்துக்குப் பேசுவான். யாராவது எட்டிப் பார்த்துச் சொல்வார்கள். இதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொல்வான். நான் அருப்புக்கோட்டைக்குப் போகும்போது அத்தையைப் பார்ப்பேன். கொஞ்சம் சதை போட்டிருந்தார். விரல்கள் இரண்டும் மடங்காமல் நின்றுவிட்டன. என் மகளை மட்டும் எட்ட நின்றே பார்ப்பார்.

போன வருஷம் ஒரு காலையில் மகன் என்னைக் கூப்பிட்டான். குரல் சரியில்லை. தறிக்கூடம் திருவிழாவுக்காக மூடியிருக்கிறது, முந்தாநாளிலிருந்து அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டால் கதவு பூட்டியிருக்கிறது என்கிறார்கள் என்றான். அம்மா யாரிடமும் சொல்லாமல் எங்கேயும் போக மாட்டார் என்றான். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். நீங்கள் ஓர் எட்டுப் போய்ப் பார்க்க முடியுமா அக்கா என்று கேட்கும்போது அவன் அழுவது தெரிந்தது.

நான் பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டே இருந்தது. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனது. அவர் கிணற்றடியில் விழுந்து கிடப்பதுபோல ஒரு படம் மனதில் வந்தது. அதைத் தள்ளினால் கட்டிலில் கிடப்பதுபோல இன்னொன்று வந்தது. செல் அடித்தபடியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, இன்னும் போய்ச் சேரவில்லை தம்பி என்றேன்.

தெருவில் திரும்பினேன். தறிச் சத்தம் இல்லாமல் அந்தத் தெரு எனக்கு அடையாளமே தெரியவில்லை. வாசல் கதவு பூட்டியிருந்தது. ஜன்னலைத் தட்டினேன். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மறுபடி முன்பக்கம் வந்து, பூட்டை உடைக்க யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

தெருமுனையில் அத்தை நடந்து வந்துகொண்டிருந்தார். தலையில் ஒரு பை. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் பிறந்த ஊருக்குப் போயிருந்தாராம். அண்ணன் பேத்தி சமைந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தோன்றியதும் கிளம்பிவிட்டாராம். பையில் வெள்ளரிப் பிஞ்சு. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகக்கூடாதா, உங்கள் மகன் அங்கே செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெருவில் நின்றே கேட்டேன்.

"நான் என்ன பச்சப்பிள்ளையா? போனேன், வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பையை இறக்கி வைத்தவர் என்னைக் கவனித்தார். சிரிப்பு நின்றது. என் வலது கையைப் பிடித்தார். அது நடுங்குவதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அவர் மடங்காத விரல்களோடு என் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கொஞ்சநேரம் அது நடுங்குவதையே பார்த்தார்.

"இதுதேன்த்தா. இப்பிடித்தேன் இருக்கும் எனக்கு" என்றார்.

என் பையில் செல் மறுபடி அடித்தது. மகனாகத்தான் இருக்கும். எடுத்துச் சொல்லவேண்டும். அவர் என் கையை விடுவதாக இல்லை, நானும் இழுக்கவில்லை.